காது வெட்டிய பிரதி

முழுசாக இருந்த பிரதி நாலாயிரம் ரூபாய்க்குப் போனது. அதே இதழின் இன்னொரு பிரதி, அட்டை நைந்து, முதுகில் கோந்து வழிந்து, மேல் மூலையைக் கத்தரிக்கோலால் யாரோ நறுக்கி எறிந்த கந்தல், பதினோரு லட்சத்துக்குப் போனது. வினோதினிக்கு வயிறு எரிந்தது. அந்த முழுப் பிரதிக்கு முதல் தரம் என்று சான்றிதழ் எழுதியவள் அவள். கந்தலுக்குக் கடைசித் தரம் என்று எழுதியவளும் அவள்தான். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து கற்ற தொழிலை, திரைக்குப் பின்னால் முகம் காட்டாத ஏதோ ஒரு ஆசாமி ஏழெட்டுத் தடவை பொத்தானை அழுத்திக் குப்பையில் போட்டுவிட்டான்.

எழும்பூரில் இருந்த அந்த ஏல நிறுவனத்தின் பெயர் புராதனா. 2041-இல் காகிதத்தில் அச்சடிப்பதே அநேகமாக நின்றுபோயிருந்தது. ஆனாலும் பழைய சித்திரக்கதைப் புத்தகம் என்றால் சொத்தை எழுதிவைக்கும் ஒரு கூட்டம் ஊரில் இருக்கத்தான் செய்தது. எல்லாம் அறுபதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள். அவர்களுடைய கண்கண்ட தெய்வம் தூமகேது காமிக்ஸ். எண்பதுகளில் சிவகாசியில் அச்சாகி, மாதம் ஒன்றாக வந்து, நாலைந்து வருடத்தில் மூச்சை விட்ட பத்திரிகை அது. அதில் உளவாளி நீலன் என்று ஒருத்தன், வெயில் கொளுத்தும் ஊரில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு திரிவான். அந்தக் கிறுக்கெல்லாம் வினோதினிக்குப் பழக்கம். நல்ல பிரதிக்கு நல்ல விலை, கந்தலுக்குக் கந்தல் விலை என்றவரைக்கும் அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்ததிலிருந்து எல்லாம் தலைகீழ். விலை ஏறியதெல்லாம் ஒரே மாதிரிப் பிரதிகளுக்கு. உள்ளே ஊதா மையில் 'ஜெயசீலி வாடகை நூலகம், திண்டுக்கல்' என்ற முத்திரை இருக்கும். அட்டையின் மேல் மூலை வெட்டுப்பட்டிருக்கும். ஏலக்காரர்கள் அதற்குக் 'காது வெட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே நூலகத்தின் முத்திரை இருந்தும் காது வெட்டாத பிரதிகளை நாய்கூடச் சீந்தவில்லை.

அவள் முதலாளி கோதண்டராமனிடம் போய் நின்றாள். "சார், எவனோ கறுப்பை வெள்ளையாக்குறான். நாளைக்குப் போலீஸ் வந்தா சான்றிதழ்ல இருக்கிறது என் கையெழுத்து" என்றாள். கோதண்டராமன் கல்லுளிமங்கன். விலை ஏறினால் உனக்கும் சம்பளம் ஏறாதா என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். சம்பளம் என்ற சொல் அவள் வாயை அடைத்தது. அது அவருக்கும் தெரியும்.

அவளுக்கு நிதிலா என்று எட்டு வயதில் ஒரு மகள். நிதிலாவுக்கு வறட்குடல். அந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாது. ஊரார் வைத்த பெயர் இது. என்ன தின்றாலும் குடல் வாங்கிக்கொள்ளாது, வந்த வழியே வெளியே தள்ளும். மூக்கில் குழாய் செருகி, கம்பெனிக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கில் குழாய். எதிர் வீட்டு ரெஹானாவுக்கும் அதே கதி. சில பிள்ளைகள் கஞ்சியில் காலம் தள்ளின. நிதிலாவுக்குக் கஞ்சியும் ஒட்டவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். இந்த உடம்பு இன்னொரு வருடம் தாங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வினோதினிக்குச் சோறு இறங்குவது நின்றுபோனது. தின்னாத மகளின் எதிரில் தின்பது எப்படி?

இந்த லட்சணத்தில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தாள். காது வெட்டிய பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் ஓரத்திலும் பழுப்பாக ஒரு கறை. அது என்னவென்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எச்சில் கறை. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டிய பிள்ளைகளின் சொத்து. சனியனைத் துடைத்தால் தரம் ஒரு படி ஏறுமே என்று பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, ஒரு பக்கம் விடாமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிரதி ஏலம் போனது. அடுத்த வாரமே திரும்பி வந்தது. கூடவே ஒரு பெண்ணும் வந்தாள்.

வந்தவள் டாக்டர் மைதிலி. ஏதோ பெரிய மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவி என்று கோதண்டராமன் கையைப் பிசைந்துகொண்டே அறிமுகம் செய்துவைத்தார். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, நரைத்த முடி. கோபத்தில் அவள் குரல் ஏறவில்லை, இறங்கியது.

"இதைத் துடைச்சது யாரு?"

"நான்தான் மேடம். வெறும் எச்சில் கறை. தரம் ஏறட்டுமேன்னு..."

மைதிலி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வினோதினிக்கும் சூடு ஏறியது. நீங்கள் நடத்துவது என்ன வியாபாரம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் நேரே போலீசுக்குப் போவேன் என்றாள். கோதண்டராமனுக்கு வியர்த்துவிட்டது. மைதிலி எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு பையிலிருந்து ஒரு ஒப்பந்தத்தை எடுத்து, வெளியே மூச்சு விட்டால் ஜெயில் என்ற பத்தியில் வினோதினியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வறட்குடல் எப்படி வந்துச்சு தெரியுமா? வந்ததுன்னு சொல்றதே தப்பு. ஒண்ணு போச்சு. மனுஷன் வாயிலயும் குடல்லயும் காலங்காலமா குடியிருந்த ஒரு கிருமி. நல்ல கிருமி. சின்ன வயசுல குடலைச் சாப்பாட்டுக்குப் பழக்குறது அதுதான்; பழகின பெரியவங்க அது இல்லாமலே சமாளிக்கிறோம். எதுக்கெடுத்தாலும் மாத்திரை, ஊசின்னு போட்டோம்ல, கெட்டதோட அதுவும் செத்துப்போச்சு. உலகம் பூரா தேடிட்டோம். உயிரோட இருக்கிற ஒருத்தர் வாயிலயும் இல்ல."

"காமிக்ஸ்ல இருக்கா?"

"தண்ணி வத்தினா விதை மாதிரி சுருண்டு தூங்கும். காகிதத்துல காய்ஞ்ச எச்சில்ல அம்பது வருஷம் தாண்டியும் தூங்கிட்டிருக்கு. நாக்குல பட்டா முழிச்சுக்கும். தற்செயலாத்தான் கண்டுபிடிச்சோம். இந்த ஒரு லைப்ரரியோட பிரதிகள்ல மட்டும் கிடைச்சுது. அதுலயும் மூலை வெட்டினதுல மட்டும். ஏன்னு எங்களுக்கே இன்னும் விளங்கல."

வினோதினிக்குத் தன் விரல்களைப் பார்க்கவே கூசியது. ஒரு புத்தகம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்ததை ஸ்பிரிட் போட்டுக் கொன்ற விரல்கள். என் பெண்ணுக்கும் வறட்குடல்தான், அவளுக்குக் கொடுங்கள் என்றாள். மைதிலியின் முகம் மாறியது. மருந்து வர நாலு வருடமாவது ஆகும் என்றாள். அந்தக் கறையில் நல்லது மட்டும் இல்லையாம். காசநோயோ காமாலையோ எது வேண்டுமானாலும் கூடப் படுத்திருக்கலாம். அதையெல்லாம் பிரிக்க வேண்டும், காப்புரிமை வாங்க வேண்டும், அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். வேறு கம்பெனி கையில் சிக்கக் கூடாது என்றுதான் இருக்கும் பிரதிகளையெல்லாம் வளைத்துப் போடுகிறார்களாம்.

"அவளுக்கு ஒரு வருஷம்தான் மேடம் இருக்கு."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்" என்றாள் மைதிலி. எழுந்து போகும்போது அவள் வினோதினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வினோதினி சேகரிப்பாளர் ஒருவர் விடாமல் விசாரித்தாள். காது வெட்டு எதுவும் யாரிடமும் மிச்சமில்லை. எல்லாம் கம்பெனியின் குளிர் அறைக்குப் போய்விட்டது. வீட்டில் முகுந்தனிடம் கூட வாயைத் திறக்கவில்லை. கணவன்தான், ஆனாலும் சொல்லி என்ன பயன்? இல்லாத ஒன்றுக்கு அவனும் சேர்ந்து ஏங்க வேண்டுமா என்று விட்டுவிட்டாள்.

மாசியில் சந்தனராஜ் வந்தார். திண்டுக்கல்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் துண்டில் சுற்றி 'நீர்மூழ்கியில் நீலன்'. ஊதா முத்திரை இருந்தது. மேல் மூலை வெட்டியிருந்தது. கீழ் ஓரங்கள் எல்லாம் பழுப்பு. வினோதினி சுற்றுமுற்றும் பார்த்தாள். கோதண்டராமன் தன் அறையில் தொலைபேசியில் இருந்தார். வாங்க சார், எதிரில் டீ குடித்துவிட்டுப் பேசலாம் என்று அவரையும் பையையும் கிளப்பிக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளுக்கு முதலில் வந்த கேள்வி அந்த மூலையைப் பற்றித்தான்.

"இதை வெட்டினது யாருன்னு தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? லைப்ரரிக்காரர்தான்" என்றார் அவர். "நாங்க முனிசிபாலிட்டிக் காலனி. எங்கப்பா கக்கூஸ் அள்ளுனவரு. நாங்க தொட்ட புத்தகத்தை மத்த வீட்டுப் புள்ளைக தொடக் கூடாதுன்னு சண்டைக்கு வந்துட்டாய்ங்க. எச்சித் தொட்டுப் புரட்டுவோம்ல. அதுக்காக அந்த மனுசன் ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒண்ணுக்கு ரெண்டா வாங்கி, மூலையைக் கத்தரிச்சு எங்களுக்குன்னு தனியாப் போட்டாரு. தெரியாம மத்ததோட கலந்துறக் கூடாதுல்ல."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வினோதினி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். இத்தனை காலம் அந்த வெட்டைச் 'சேதம்' என்று சான்றிதழில் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். மைதிலிக்கு விளங்காததும் அவளுக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. உங்கள் காலனிக்கு டாக்டர் வருவாரா என்று கேட்டாள். சந்தனராஜ் சிரித்தார். காய்ச்சல் வந்தால் கஷாயமும் கம்பளியும்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கம்பவுண்டர் தொட மாட்டார், ஊசி கிடையாது, எட்ட நின்று ஒரு பொட்டலம் உப்புப்பொடியைப் போடுவார் என்றார். மாத்திரையும் ஊசியும் எட்டாத தெரு. ஊரெல்லாம் செத்துப்போன கிருமி அங்கே மட்டும் பிழைத்துக் கிடந்திருக்கிறது. பின்னால் வேலையும் வசதியும் வந்தபோது மாத்திரையும் வந்தது. இப்போது அவர் வாயிலும் அது இருக்காது.

ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது. வினோதினி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். கம்பெனி, குளிர் அறை, காப்புரிமை, நாலு வருடம் எல்லாம். மகளுடைய படத்தையும் காட்டினாள். படத்தில் குழாய் தெரிந்தது.

சந்தனராஜ் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எங்க எச்சின்னு தெரிஞ்சுதான் வாங்குறாய்ங்களா?"

"யாரோடதுன்னு அவங்களுக்குத் தெரியாது சார். எச்சில்னு தெரியும்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் கறுத்துவிட்டது. உங்கள் வீட்டில் இதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டார். வினோதினியால் பொய் சொல்ல முடியவில்லை. இன்னும் கேட்கவில்லை என்றாள். மாமியார் வேலைக்காரிக்கு இன்றும் தனித் தம்ளர் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

"இங்கரும்மா, நான் ஒண்ணும் தர்மப்பிரபு இல்ல. பேத்தி படிப்பு கெடக்கு. வித்துத்தான் ஆகணும். ஏலம் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"அதுவரைக்கும் என் புத்தகம்தான? அப்ப வாடகைக்கு எடுத்துக்க. வியாழக்கிழமை சாயங்காலம் திருப்பிக் குடுத்துரணும். கிழியக் கூடாது. நாளுக்கு நாலணா."

நாலணாவுக்கு அவள் எங்கே போவாள்? டீக் காசை நீ கொடு, சரியாகப் போய்விடும் என்றார் சந்தனராஜ்.

முகுந்தனிடம் சொன்னபோது அவன் பேயறைந்தவன்போல உட்கார்ந்துவிட்டான். கெட்டவன் அல்ல. மகள் மேல் உயிரையே வைத்திருந்தவன். ஆனால் எவனெவன் எச்சிலோ என்று ஆரம்பித்தான். எவனெவன் என்று நன்றாகத் தெரியும், நானே சொல்கிறேன் கேள் என்று அவள் காலனிக் கதையைச் சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. கொஞ்ச நேரம் அவன் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னான், அவளும் விடவில்லை. கடைசியில் அவன் உண்மையான பயத்துக்கு வந்தான்.

"காசநோய் இருந்தா? இந்த உடம்பு தாங்குமா வினு?"

"இருக்கலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. பேசாம இருந்தா மட்டும் தாங்குமா?"

அவன் எழுந்து போய் நிதிலாவைத் தூக்கிக்கொண்டு வந்து சோபாவில் உட்காரவைத்தான். பிறகு, பழக்கதோஷம், கைகழுவும் தெளிப்பானை எடுத்து அவள் விரல்களுக்கு நேரே நீட்டினான். வினோதினி பாய்ந்து பிடுங்கினாள்.

அடுத்த வம்பு நிதிலாவிடமிருந்து வந்தது. பிறந்ததிலிருந்து காகிதப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறாள். கண்ணை விரித்துக்கொண்டு வாங்கினாள். ஆனால் உலர்ந்த விரலால், பூவைத் தொடுகிற மாதிரி ஓரத்தைப் பிடித்துப் புரட்டினாள். நாக்கில் தொட்டுப் புரட்டு கண்ணு என்றாள் வினோதினி. "ச்சீ, கிருமிம்மா" என்று முகத்தைச் சுளித்தாள் பிள்ளை. வாயில் கை வைத்தால் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்துவார்கள். அந்தப் பாடத்தை வீட்டிலும் இவர்கள்தான் ஓயாமல் நடத்தியிருந்தார்கள். வினோதினி தன் விரலை நக்கி ஒரு பக்கம் புரட்டிக் காட்டினாள். நிதிலா சிரித்தாளே தவிர அசையவில்லை. வற்புறுத்தினால் அழுவாள், அழுதால் புத்தகத்தைத் தள்ளிவிடுவாள். இருவரும் பேசாமல் எதிரே உட்கார்ந்தார்கள்.

உளவாளி நீலன் நீர்மூழ்கிக் கப்பலில் மாட்டிக்கொண்டான். வில்லன் வெளியே தாழ் போட்டான். கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. முழங்கால், இடுப்பு, மார்பு. நிதிலாவின் உதடுகள் முணுமுணுத்தன. "கழுத்துக்கு வந்துருச்சும்மா" என்றாள் நிமிராமலே. அந்த இடத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உலர்ந்த விரலால் கீறினாள். வரவில்லை. மறுபடி கீறினாள். வழுக்கியது. நீலனுக்கோ மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது, விரல் தானாக நாக்குக்குப் போனது.

பக்கம் பிரிந்தது. முதல் தடவை நாக்கைத் தொட்ட விரல் ஈரத்தைக் காகிதத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். காகிதத்தில் இருப்பது வாய்க்கு வர வேண்டுமானால் விரல் இரண்டாவது தடவை போக வேண்டும். வினோதினி முகுந்தனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிதிலா படித்தாள், அடுத்த பக்கத்துக்கு வந்தாள், விரலை நாக்கில் வைத்தாள். அதன் பிறகு அவள் நிற்கவில்லை. நீலன் வெளியே வந்து வில்லனைப் பிடித்து மழைக்கோட்டை உதறிப் போட்டுக்கொண்டதும், முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் புத்தகம் சந்தனராஜின் கைக்குப் போனது. அவர் ஓரங்களைத் திருப்பிப் பார்த்தார். ஈரம் நன்றாக ஏறியிருக்கிறது, சரக்கு கூடித்தான் இருக்கிறது என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். வெள்ளிக்கிழமை அது புராதனாவில் அதுவரை எதுவும் போகாத விலைக்குப் போனது. கோதண்டராமன் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். அந்த அல்வாவைத் தின்னும் நிலையில் வினோதினி இல்லை. நிதிலாவுக்குக் காய்ச்சல்.

உடம்பு கொதித்தது. பிள்ளை பினாத்தியது. முகுந்தன் வினோதினியோடு பேசுவதை நிறுத்தினான். அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, கொன்றுவிட்டேன், என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று மனசுக்குள் ஓலமிட்டாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கிருமிக்கொல்லி. அதை உள்ளே போட்டால் கெட்டதும் சாகும், நல்லதும் சாகும். முகுந்தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இனி எதையும் தீர்மானிக்கிற தெம்பு அவளிடம் இல்லை. அவன்தான் வெகுநேரம் கழித்து எழுந்து, மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வந்தான்.

காய்ச்சல் இறங்கிய காலையில் நிதிலா தயிர் சாதம் கேட்டாள். கேட்டதே அதிசயம். தின்றாள். இருவரும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாந்தி வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. மத்தியானமும் கேட்டாள். சித்திரை பிறக்கும்போது மூக்கில் குழாய் இல்லை, கன்னத்தில் கொஞ்சம் சதை இருந்தது. தட்டை வழித்து நக்கியதைப் பார்த்து முகுந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மைதிலி வீட்டுக்கே வந்துவிட்டாள். வினோதினி கதவைத் திறந்து உள்ளே விட்டாள். முகுந்தன் கடைக்குப் போயிருந்தான். நிதிலா கீழே விளையாடிக்கொண்டிருந்தாள்.

மைதிலி சுற்றி வளைக்கவில்லை. கடைசியாக வாங்கிய பிரதியில், பழைய கறையின் மேல் ஒரு பெண் குழந்தையின் புது எச்சில் பக்கத்துக்குப் பக்கம் இருந்ததாம். புராதனாவில் வறட்குடல் பிள்ளையின் தாய் யார் என்று கம்பெனிக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிப் பதிவையும் பார்த்துவிட்டார்களாம்.

"குணமாயிட்டா. எனக்குச் சந்தோஷம். நம்புங்க, நிஜமாவே சந்தோஷம்" என்றாள். "ஆனா அந்தக் கிருமிக்குப் போன மாசம் காப்புரிமை கிடைச்சாச்சு. உலகத்துல அது உயிரோட இருக்கிறது எங்க லேப்ல, அப்புறம் உங்க பொண்ணு வாயில. லேப்ல இருக்கிறதும் எங்களோடது, அவ வாயில இருக்கிறதும் எங்களோடதுன்னு கம்பெனி சொல்லுது."

பையிலிருந்து காகிதம் வந்தது. ஒப்பந்தத்தை மீறியதற்காக வினோதினி மேல் வழக்குப் போட மாட்டார்கள். பதிலுக்கு, மருந்து கடைக்கு வரும்வரை நிதிலாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். பள்ளிக்கூடம் கிடையாது. மற்ற பிள்ளைகளோடு ஒன்றாகச் சாப்பிடக் கூடாது, நெருங்கி விளையாடக் கூடாது. கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து அமல். மீறினால் இருவர் மேலும் வழக்கு, பிள்ளை கம்பெனியின் மருத்துவக் காவலில் இருக்கும்.

"கையெழுத்துப் போடலைன்னா?"

"நாளைக்குக் காலைல போலீஸோட வருவாங்க. நான் வர மாட்டேன். வேற ஆளுங்க."

வினோதினி பேனாவை வாங்கினாள். ஜெயிலுக்குப் போகத் தயார்தான். ஆனால் அவள் போய்விட்டால் பிள்ளையைக் காவலில் தூக்கிக்கொண்டு போவதை யார் தடுப்பது? காகிதத்தின் அடிக்கு வந்து தலையை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே கீழே குடியிருப்பின் முற்றம் தெரிந்தது.

வேப்பமரத்தடியில் நிதிலா நின்றாள். கையில் ஒரு குச்சி ஐஸ். மூக்கில் குழாயோடு எதிரே ரெஹானா. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் வரிசையாக, பாதிப் பேருக்குக் குழாய். நிதிலா ஐஸை நாக்கை நீட்டி அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை நக்கினாள். ரெஹானாவிடம் நீட்டினாள். ரெஹானா நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஐஸ் நிதிலாவிடம் திரும்பி வந்தது. மறுபடி ஒரு நக்கு, அடுத்த பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுத்து அவள் செய்யவில்லை. ஐஸ் ஒன்றுதான் இருந்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

வரிசையில் இன்னும் மூன்று பேர் பாக்கி இருந்தார்கள். வினோதினி பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"டாக்டர், எனக்கு இந்தச் சட்டத் தமிழ் விளங்கலை. முதல்லேருந்து ஒரு தடவை வாசிச்சுச் சொல்றீங்களா?"

மைதிலி அவளைப் பார்த்தாள். அவள் கண் போயிருந்த திசையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் அந்த வரிசை நகர்வதைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று வினோதினிக்குப் பிடிபடவில்லை.

மைதிலி எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி, ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். காகிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து, எழுத்துக்கூட்டும் பிள்ளைபோல நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தாள்.